திருச்சி – சான் பிரான்சிஸ்கோ: வான்தூரமும் பயண நேரமும், டெல்டாக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கலிபோர்னியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இருக்கிறார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள், பலருக்கு அதுவே முதல் விமானப் பயணம். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கால அட்டவணையும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் அவற்றை எழுதவில்லை. மாறாத கணக்கையும், அந்தக் கணக்கு உங்கள் பயணத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

திருச்சி விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம்?

உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழியாக அளந்தால் சுமார் 14,200 கிலோமீட்டர். மைலில் சுமார் 8,800. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் சுமார் 7,670 (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.). பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கி.மீ.தான். ஆக, இது பூமியைச் சுற்றி வருவதில் மூன்றில் ஒரு பங்கைவிட அதிகம்.

இது வரைபடத்துத் தூரம். எந்தப் பயணியும் இந்த 14,200 கி.மீ.யை மட்டும் பறந்து போய்ச் சேர்வதில்லை. ஏன் என்பது கீழே வருகிறது.

அமெரிக்கா மேற்கே இருக்கிறது. சிங்கப்பூரோ கிழக்கே. கிழக்கே போய் அமெரிக்காவுக்குப் போவது சுற்று வழி இல்லையா?

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் அமெரிக்கா இடது ஓரத்தில் இருப்பதால் வரும் எண்ணம் இது. சான் பிரான்சிஸ்கோ இருப்பது அமெரிக்காவின் மேற்குக் கரை, அதாவது பசிபிக் கரை. நம் ஊரிலிருந்து கிழக்கே போனால் தீர்க்கரேகையில் 159 பாகை. மேற்கே போனால் 201 பாகை. கிழக்கு வழிதான் குறைவு.

வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைத் தமிழ்நாட்டிலும் மறு முனையைக் கலிபோர்னியாவிலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் கிழக்கும் போகாது, மேற்கும் போகாது. வடக்கே ஏறும். திருச்சியிலிருந்து வடக்கு வடகிழக்காகக் கிளம்பி, சத்தீஸ்கர், ஒடிசா எல்லைப் பக்கம், நேபாளத்தில் காத்மாண்டு அருகில், திபெத், மங்கோலியா, சைபீரியா என்று போய், ஆர்க்டிக் வட்டத்தைக் கொஞ்சம் தாண்டி, அலாஸ்கா வழியாக இறங்கும். தட்டையான வரைபடத்தில் இதே கோட்டைப் போட்டால் பெரிய வில்லாக வளைந்து தெரியும். விமானத் திரையில் வளைவாகத் தெரியும் பாதையைப் பார்த்து, விமானி சுற்றிக்கொண்டு போகிறார் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அந்த வளைவுதான் உருண்டையில் நேர்வழி.

திருச்சியிலிருந்து நேரடி விமானம் ஏன் இல்லை? புது முனையம்கூட வந்துவிட்டதே?

புது முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. பயணிகளுக்கு நிஜமான வசதி அது. ஆனால் எவ்வளவு தூரத்துக்கு விமானம் விட முடியும் என்பதை முனையம் தீர்மானிப்பதில்லை, ஓடுபாதைதான் தீர்மானிக்கிறது. திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர். சென்னையின் முதன்மை ஓடுபாதை 3.6 கி.மீ.க்கு மேல். பெங்களூரில் இருப்பவை 4 கி.மீ.

பதினைந்து மணி நேரம் பறக்க வேண்டிய பெரிய விமானம் எரிபொருளை முழுக்க நிரப்பிக்கொண்டு எழ வேண்டும். அந்த எடையோடு, சித்திரை வெயிலில் காற்று அடர்த்தி குறைந்திருக்கும்போது, இவ்வளவு குறைந்த நீளத்தில் பாதுகாப்பு இடைவெளியும் விட்டு எழ முடியாது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா ஊர்களுக்குப் போகும் சிறிய விமானங்களுக்கு இந்த ஓடுபாதை போதும். ஓடுபாதையை நீட்டிக்க வேண்டும் என்று டெல்டாவில் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அது நீண்ட மறுநாளே சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானம் வந்துவிடாது. அவ்வளவு பெரிய விமானத்தை ஆண்டு முழுவதும் நிரப்பும் அளவுக்குப் பயணிகளும் வேண்டும்.

அப்படியானால் உண்மையில் எவ்வளவு தூரம் பறக்கிறோம்?

எங்கே மாறி ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சிங்கப்பூர் வழி: திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,600 கி.மீ. மொத்தம் ஏறக்குறைய 16,600. சென்னை போய் துபாய் வழியாகப் போனால், சென்னையிலிருந்து கணக்கிட்டு, 16,000க்குப் பக்கம். சென்னை–பிராங்க்பர்ட் வழி 16,700 அளவில். கணக்குப்படி மிகக் குறைவு தில்லி வழிதான்: திருச்சி–தில்லி சுமார் 2,000, தில்லி–சான் பிரான்சிஸ்கோ சுமார் 12,400. மொத்தம் 14,400.

வழிக்கு வழி ஆயிரம் இரண்டாயிரம் கி.மீ. வித்தியாசம் இருக்கிறதே என்று தோன்றும். விமானம் மணிக்கு 900 கி.மீ. அளவில் போகிறது. ஆயிரம் கி.மீ. என்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சரியாக அமையாத ஓர் இடைத்தங்கல் உங்கள் பயணத்தில் எட்டு மணி நேரத்தைச் சேர்த்துவிடும். அதனால்தான் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் கிலோமீட்டரை விட்டுவிட்டு எங்கே மாறுகிறீர்கள், எத்தனை மணி நேரம் காத்திருக்கிறீர்கள், ஒரே டிக்கெட்டா என்று பாருங்கள் என்கிறேன்.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

திருச்சி–சிங்கப்பூர் நான்கு முதல் நாலேகால் மணி நேரம். சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ போகும்போது பதினைந்து, பதினைந்தரை. திரும்பும்போது பதினேழு வரை. இடையில் காத்திருப்பு. எல்லாம் நன்றாக அமைந்தால் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு 22 மணி நேரம். சாதாரணமாக 24 முதல் 28. இதற்கு மேல் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் சேருங்கள். மயிலாடுதுறையில் வாசலைத் தாண்டியதிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கத்து பிரீமான்ட் ஊரில் மகன் வீட்டுக்குள் போவது வரை ஒன்றரை நாள் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

2016 வரை சிங்கப்பூரிலிருந்தே நேராகப் போக முடியாது. ஹாங்காங்கிலோ சியோலிலோ இறங்கித்தான் போக வேண்டும். அந்த ஆண்டுதான் இடைநில்லா விமானங்கள் தொடங்கின. அதற்கு முன் போய்வந்த பெரியவர்கள் சொல்லும் "ரெண்டு நாள் பயணம்" அந்தக் காலத்துக் கணக்கு.

வியாழக்கிழமை கிளம்பி வியாழக்கிழமையே போய்ச் சேர்கிறார்களாமே, அது எப்படி?

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட நேரம், எந்த நிறுவனத்தின் அட்டவணையும் அல்ல.

ஜூன் மாதம், வியாழன் அதிகாலை 12.30க்குத் திருச்சியில் விமானம் எழுகிறது. நாலேகால் மணி நேரத்தில், நம் நேரப்படி காலை 4.45க்கு, சிங்கப்பூர். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, எனவே அவர்களுக்குக் காலை 7.15. அங்கே 9.30க்கு அடுத்த விமானம். நமக்கு அப்போது காலை 7. பதினைந்தேகால் மணி நேரம் பறந்து இறங்கும்போது நம் ஊரில் வியாழன் இரவு 10.15. சான் பிரான்சிஸ்கோ கடிகாரம் கோடையில் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். ஆகவே அங்கே அதே வியாழன் காலை 9.45. கடிகாரத்தை நம்பினால் ஒன்பதேகால் மணி நேரப் பயணம். உடம்புக்குத் தெரிந்த உண்மையான நேரம் 21 மணி 45 நிமிடம்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. வெள்ளி இரவு 10க்கு அங்கே ஏறினால், பதினேழு மணி நேரம் கழித்து சிங்கப்பூரில் இறங்கும்போது ஞாயிறு காலை 6. மூன்று மணி நேரம் காத்திருந்து கிளம்பினால் திருச்சியில் ஞாயிறு காலை 10.45. சனிக்கிழமை எங்கே போனது? பசிபிக் நடுவில் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்தபோது கிட்டத்தட்ட முழுவதுமாகக் கழன்றுவிட்டது. கூட்டிப் பார்த்தால் பயணம் 24 மணி 15 நிமிடம்தான்.

விமான நிலையத்துக்கு அழைக்க வருகிறவர்கள் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான். டிக்கெட்டில் வந்து சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் "+2" என்று அச்சிட்டிருந்தால் கிளம்பும் தேதியிலிருந்து இரண்டு நாள் தள்ளி என்று பொருள். கார் சொல்லும்போது கிழமையையும் தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நேர வித்தியாசம் பன்னிரண்டரையா, பதிமூன்றரையா?

இரண்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை பன்னிரண்டரை. மற்ற மாதங்களில் பதிமூன்றரை. அவர்கள்தான் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை.

போகும்போது பதினைந்து, வரும்போது பதினேழு. அதே தூரத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்?

காற்று. தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்பார்கள். ஜப்பானுக்கும் வடபசிபிக்குக்கும் மேலே குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். 1920களில் ஜப்பானில் வசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதை முதலில் அளந்தார். விமானங்கள் பறப்பதும் ஏறக்குறைய அதே உயரத்தில். கிழக்கே போகிறவருக்கு அது முதுகில் தள்ளுகிறது, மேற்கே வருகிறவருக்கு முகத்தில் அடிக்கிறது. ஆடி மாதம் மேற்கே பார்த்து சைக்கிள் மிதித்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ஆடியைச் சொன்னதால் இன்னொன்று. நம் வயல்களின் மேல் அந்த மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும் அதே நாட்களில், ஏறக்குறைய 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, பலமாக ஓடுகிறது. 1950களில் இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம் ஆராய்ந்து விளக்கிய காற்றோட்டம் அது. தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து வந்து, அதோடு சேர்ந்தே போகும்.

குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரம்தானே?

இல்லை. இதற்கு மிக நல்ல சாட்சி 2016 அக்டோபரில் நடந்தது. ஏர் இந்தியாவின் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் அதுவரை அட்லாண்டிக் பெருங்கடல் வழியாக, சுமார் 13,900 கி.மீ. போய்க்கொண்டிருந்தது. அந்த மாதம் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது. 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பதினான்கரை மணி நேரத்திலேயே போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. முதுகில் காற்று இருந்ததுதான் காரணம்.

அடுத்து, 2021 ஜனவரியில் அதே நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் இடைநில்லா விமானத்தை வட துருவத்துக்கு மேலே ஓட்டிவந்தது. விமானி அறையில் இருந்த அனைவரும் பெண்கள். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 14,000 கி.மீ., ஏறக்குறைய நம் திருச்சித் தூரமேதான்.

ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை போடுகிறார்கள். நேற்று போன பாதையில் இன்று போக மாட்டார்கள்.

போர், எல்லைப் பிரச்சினை வந்தால் பயண நேரம் மாறுமா?

மாறும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வான்வெளி அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. இதனால் தில்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிக்கொண்டு, சில நேரம் நடுவழியில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வரைபடத்தில் தில்லி வழி மிகக் குறைவாக இருந்தும் நான் பெரியவர்களுக்கு அதை முதலில் சொல்லாததற்கு இது ஒரு காரணம். சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ பாதை பெரும்பகுதி கடல் மேலேயே போவதால் இந்தச் சிக்கல்கள் அதைத் தொடுவது குறைவு.

சிங்கப்பூரில் எத்தனை மணி நேரம் இடைவெளி இருந்தால் நல்லது?

மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். திருச்சியிலிருந்து போகும் ஸ்கூட் விமானம் நிற்கும் முனையம் வேறு, பெரிய விமானம் கிளம்பும் முனையம் வேறாக இருக்கலாம். முனையங்களுக்கு நடுவே சிறு ரயில் ஓடுகிறது, வழி சுலபம். ஆனால் வீல்சேருக்குக் காத்திருக்கவும், கழிப்பறை போய்வரவும், அமெரிக்க விமானத்துக்கென்று வாயிலில் நடக்கும் சோதனைக்கும் நேரம் வேண்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியை இளைஞர்கள் ஓடிப் பிடிக்கலாம். முட்டிவலி உள்ள அம்மாவுக்கு அதை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எட்டு, பத்து மணி நேரம் என்றால் விமான நிலையத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் அறை கிடைக்கிறது. முன்பதிவு செய்துவிட்டால் படுத்து எழுந்திருக்கலாம். அந்தச் செலவு வீண் இல்லை.

ஒரே டிக்கெட் வேண்டும் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்? தனித்தனியாக எடுத்தால் விலை குறைகிறதே?

குறைகிறது, உண்மைதான். ஆனால் நடப்பதைக் கேளுங்கள். ஒரே டிக்கெட்டில், ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டு விமானமும் இருந்தால், திருச்சியில் போட்ட பெட்டி சான் பிரான்சிஸ்கோவில் கைக்கு வரும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானத்துக்கு இரண்டாவதைப் பற்றித் தெரியாது. சிங்கப்பூரில் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். வெளியே வருவதற்கு இந்தியக் கடவுச்சீட்டுக்கு அந்த நாட்டு அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டால் திருச்சியிலேயே ஏற்றாமல் நிறுத்திவிடலாம். தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் மொத்தமும் போகும். ஆங்கிலம் பேசத் தயங்குகிற, தனியாகப் போகிற ஒரு பெரியவரை இந்த நிலைமையில் நிறுத்திப் பாருங்கள். மிச்சமாகும் தொகை எவ்வளவாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

பெட்டியின் எடை வரம்பையும் முதலிலேயே பாருங்கள். அமெரிக்கா போகும் டிக்கெட்டில் பெரும்பாலும் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. முதல் பகுதி குறைந்த கட்டண விமானமாக இருக்கும்போது அதே வரம்பு அதற்கும் பொருந்துகிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?

விமானம் எழுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலைய வாசலில் இருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தஞ்சாவூரிலிருந்து சுமார் 55–60 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். கும்பகோணத்திலிருந்து இரண்டு, இரண்டேகால். மன்னார்குடி, திருவாரூர் இரண்டரை. மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மூன்று. வேதாரண்யம் பக்கம் என்றால் நான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வழியாக வருகிறவர்களுக்குத் துவாக்குடியிலிருந்து டி.வி.எஸ். டோல்கேட் வரை மாலையில் நெரிசல் உண்டு, அதற்கென்று அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்கள் புதுக்கோட்டை வழியாக வந்தால் திருச்சி நகருக்குள் நுழையாமலே சேர்ந்துவிடலாம். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது.

வழியனுப்ப வேனில் பதினைந்து பேர் வருவது நம் வழக்கம், வரட்டும். ஆனால் போகிறவர் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, கடவுச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் உள்ளே போகட்டும். பேச்சும் அழுகையும் வாசலில் அரை மணி நேரத்தை விழுங்கிவிடும்.

சென்னை போய் ஏறுவது நல்லதா?

சீர்காழி, சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு நல்லது. எமிரேட்ஸ், கத்தார், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று தேர்வு அதிகம், ஒரே நிறுவனத்திலேயே கடைசிவரை போகலாம். உழவன், மன்னை, சோழன் போன்ற ரயில்களில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்திலேயே இறங்கினால் விமான நிலையம் பக்கம். ஆனால் அதே நாள் ரயில், அதே நாள் விமானம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். தஞ்சாவூருக்கு மேற்கும் தெற்கும் உள்ளவர்களுக்குத் திருச்சிதான் சரி.

எந்த மாதத்தில் போகலாம்?

நவம்பர், டிசம்பரில் டெல்டாவில் மழையும் புயலும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் போகத்தான் வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாகத் திருச்சிக்கு வந்துவிடுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் தில்லி வழி வேண்டாம், மூடுபனியில் விமானங்கள் நிற்கும். என் கணிப்பில் பெரியவர்களுக்கு ஏற்றது மார்ச் கடைசி, ஏப்ரல். இங்கே வெயில் ஏறும் நேரம் அங்கே குளிர் விட்டிருக்கும்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எந்த நேரத்துக்கு எடுப்பது?

விமானத்தில் இருக்கும்வரை கையில் ஒரு கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடட்டும். மாத்திரை இடைவெளியை அதை வைத்துப் பாருங்கள். அங்கே போனதும் உள்ளூர் நேரத்துக்கு எப்படி மாற்றுவது, குறிப்பாக இன்சுலின் அளவு என்ன என்பதை, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை மணி நேரம் புரள்வது சாதாரண மாற்றம் இல்லை. இன்சுலினைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், சரக்கறையில் உறைந்து கெட்டுப்போகலாம். மருந்துச்சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

பதினைந்து மணி நேரம் உட்கார்ந்தால் கால் வீங்காதா?

வீங்கும். நடைவழி ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவாருங்கள், உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர், அது தவறு. முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். அழைத்துப் போகிற ஊழியரே வழிகாட்டியாகவும் ஆகிவிடுவார். சைவ உணவையும் ஒரு நாள் முன்பாவது சொல்லிவைக்க வேண்டும்.

திதி, அமாவாசை நடுவில் வந்தால்?

டெல்டாவில் கட்டாயம் வரும் கேள்வி, நியாயமான கேள்வி. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணத்தை வைத்து வருவது. அது தொடங்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், கடிகாரமும் தேதியும்தான் வேறு. இங்கே வியாழன் காலை 8க்கு அமாவாசை தொடங்கினால், அங்கே அப்போது புதன் இரவு 7.30. அதனால் நம் ஊர் நாட்காட்டியை அங்கே எடுத்துப்போய்ப் பார்த்தால் நாள் தவறும். அந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கம்தான் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே லிவர்மோரில் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது, அங்கே கேட்டால் சொல்வார்கள். திரும்பிவரும்போது ஒரு முழு நாள் காணாமல் போகும் என்று மேலே சொன்னேன். தகப்பனார் திதி அந்த நாளில் விழாதபடி திரும்பும் தேதியை எடுங்கள்.

இறங்கியதும் வெளியே வர எவ்வளவு நேரம்? அரிசி, கறிவேப்பிலை கொண்டுபோகலாமா?

குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம். இதை நீட்டுவது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் பொருள்தான். நம் வயல் பொன்னி அரிசியாக இருந்தாலும் இந்தியாவிலிருந்து பயணிப் பெட்டியில் அரிசி கொண்டுபோகத் தடை இருக்கிறது. தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு பரவக் கூடாது என்பதற்காக. கறிவேப்பிலை, பழம், இறைச்சி போன்றவையும் வேண்டாம். அப்பளம், ஊறுகாய், பொடி வகைகள் மூடிய பொட்டலத்தில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. எதைக் கொண்டுபோனாலும் உணவு இருக்கிறது என்று கேட்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் ஆகாததை எடுத்துவைத்துவிட்டு அனுப்புவார்கள், மறைத்தால் அபராதம்.

பிள்ளையின் வீட்டு முகவரி, தொலைபேசி எண், திரும்பும் டிக்கெட், மூன்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். அங்கே அதிகாரி கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். சான் ஹோசே, பிரீமான்ட் பக்கத்திலிருந்து அழைக்க வருகிற பிள்ளைகளுக்கு விமான நிலையம் ஏறக்குறைய 50 கி.மீ. விமானம் தரையைத் தொட்ட செய்தி வந்தபின் கிளம்பினாலும் அம்மா அப்பா வெளியே வருவதற்குள் வந்துவிடலாம். இருந்தாலும் முன்னதாகவே வந்து, கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள்.